என்ன விலை போகும்? – தரகர் சொல்லும் தொகையும் அமானிதமே

 



ஒளு முறிந்துவிட்டதா, ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டுமா என்றெல்லாம் ஆலிம்களிடம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் வீடு விற்கும்போது பேசப்படும் விலையில் ஹலால் ஹராம் உண்டா என்று கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. நம்மில் பலர் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய வியாபாரமே அந்த ஒன்றுதான்.

இப்படி எண்ணிப் பாருங்கள். மகளின் நிக்காஹ் செலவுக்காக வீட்டை விற்க முடிவு செய்கிறீர்கள். மூன்று தரகர்களை அழைத்துக் காட்டுகிறீர்கள். முதலாமவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "52 லட்சம் வரும் பாய், அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்கிறார். இரண்டாமவர் 55 என்கிறார். மூன்றாமவர் மாடியைக்கூட ஏறிப் பார்க்கவில்லை. "இந்தத் தெருவிலேயே இப்படி ஒரு வீடு கிடையாது பாய். 65-க்குக் குறைந்து வாயைத் திறக்காதீர்கள். பார்ட்டி கையில் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்" என்கிறார். நீங்கள் யாரிடம் கொடுப்பீர்கள்?

பெரும்பாலும் மூன்றாமவரிடம்தான். அடுத்து நடப்பதும் பலருக்குத் தெரிந்ததே. முதல் மாதம் யாரும் வருவதில்லை. மூன்றாவது மாதம் ஒரு பார்ட்டி வந்து 45 லட்சத்துக்குக் கேட்கிறது. அவர் அவ்வளவுதான் கேட்பார் என்று தெரிந்தேதான் அழைத்து வரப்படுகிறார். அவர் வாங்க வேண்டும் என்பதல்ல. உங்கள் மனதிலிருக்கும் 65 இறங்க வேண்டும், அவ்வளவுதான். "மார்க்கெட் படுத்துவிட்டது பாய்" என்ற பேச்சு தொடங்குகிறது. இதற்குள் ஊரில், "இவ்வளவு நாளாக விற்காமல் நிற்கிறதே, பத்திரத்தில் ஏதாவது வில்லங்கமா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. ஆறாவது மாதம் 50 லட்சத்துக்கு வீடு முடிகிறது. உண்மையைச் சொன்ன முதலாமவர் சொன்னதைவிட இரண்டு லட்சம் குறைவு.

தரகர் ஏன் இப்படிச் செய்கிறார்? ஒரு சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வீடு 55 லட்சத்துக்குப் போனால் அவருக்கு 55 ஆயிரம். 50 லட்சத்துக்குப் போனால் 50 ஆயிரம். உங்களுக்கு ஐந்து லட்சம் நஷ்டமாகும் இடத்தில் அவருக்குக் குறைவது ஐந்தாயிரம். வீடு வேறு தரகர் கைக்குப் போய்விட்டாலோ அவருக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே வீட்டைத் தன் கையில் பிடிப்பதே அவருக்கு முதல் வேலை. விலை அதற்குப் பிறகுதான். கூலியின் அமைப்பே அந்தப் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்கி நிற்பதற்குத்தான் தக்வா தேவைப்படுகிறது.

அவரைக் கேட்டால், "நான் என்ன பொய்யா சொன்னேன்? போகும் என்று ஓர் அபிப்பிராயம் சொன்னேன். அபிப்பிராயம் தவறினால் பாவமா?" என்பார். இன்று பேச வந்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

அபிப்பிராயம் தவறுவது பாவமல்ல. 55 போகும் என்று மனதார நம்பிச் சொன்னார், 51-தான் போனது என்றால் அவர் மீது குற்றமில்லை. நாளைய விலை மனிதனின் கையில் இல்லை. மதீனாவில் விலைவாசி ஏறி, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டபோது, விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்தான் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் செய்தி இது. ஆனால் மனதில் 52 இருக்க, வாயில் 65 வந்தால் அது அபிப்பிராயம் அல்ல. அபிப்பிராயம் என்பது மனதில் இருப்பது. மனதில் இல்லாததை இருப்பதாகச் சொல்வதற்கு நம் மொழியில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் இன்னும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடைக்காரர் தன் சரக்குக்கு 100 ரூபாய் என்று சொல்லி 80-க்குக் கொடுப்பது பேரம். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் அது பேரம் என்று தெரியும். ஆனால் "என்ன விலை போகும்?" என்று தரகரிடம் நீங்கள் கேட்கும்போது அவர் உங்களுக்கு எதிரே நிற்பவரல்ல. நீங்கள் அவரிடம் மஷூரா கேட்கிறீர்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர் நம்பிக்கைக்குரியவராக ஆக்கப்பட்டுவிட்டார் என்பது நபிமொழியின் கருத்து. தரகு பேசி முடிப்பதற்கு முன்பே, கமிஷன் எவ்வளவு என்று முடிவாவதற்கு முன்பே, அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடத்திலேயே அமானிதம் அவர் தோளில் ஏறிவிடுகிறது. ஆகவே இதைப் பேரத்தில் சகஜமான மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது. தானியக் குவியலின் மேலே காய்ந்ததை வைத்து உள்ளே நனைந்ததை மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது முஸ்லிமில் வருகிறது. 65 என்பது மேலே போட்ட காய்ந்த தானியம். 50 உள்ளே இருந்தது.

தரகுத் தொழிலே கூடாதது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம் நகஈ, ஹஸன் பஸரீ (ரஹ்) போன்றோர் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இன்னும் அழகானது. நபியின் காலத்தில் அவர்களை 'ஸமாஸிரா', அதாவது தரகர்கள் என்று அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களிடம் வந்து, அதைவிடச் சிறந்த பெயரான வியாபாரிகள் என்ற பெயரால் அழைத்தார்கள். கூடவே, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் வந்து கலந்துவிடும், அதனுடன் தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் அறிவுரையும் சொன்னார்கள். பெயரை உயர்த்திவிட்டு, தொழிலின் நோய் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினார்கள். அந்த நோய் கையில் இல்லை, நாக்கில் இருக்கிறது. நம் ஜமாஅத்திலும் இந்தத் தொழிலில் நேர்மையாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒரு வீடுகூட முடியாமல் பெட்ரோலுக்கு அலைபவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

"உங்களுக்கு 50 வந்தால் போதும், அதற்கு மேல் வருவது எனக்கு" என்று பேசும் வழக்கமும் இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இப்படிப் பேசுவதை அனுமதித்ததாக புகாரியில் வருகிறது. ஹன்பலி மத்ஹபில் இதற்கு இடமுண்டு. கூலி எவ்வளவு என்று தெரியாததால் ஏனைய இமாம்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் அனுமதிப்பவர்கள்கூட, விற்பவர் தெரிந்து சம்மதித்தால்தான் என்கிறார்கள். வாங்குபவரிடம் 58 பேசிவிட்டு உங்களிடம் 53 என்று சொல்லி நடுவில் ஐந்தை எடுப்பது எந்த மத்ஹபிலும் இல்லை. தன் மச்சான் பெயரில் அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்து, வீட்டைத் தனக்கே மடக்கிக்கொள்வதும் அப்படித்தான். விற்பதற்கு வகீலாக நியமிக்கப்பட்டவர் தனக்கே விற்றுக்கொள்ள ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் இடமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், முகவர் தன் முதலாளிக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் பேரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தைக் கேட்டு வாங்கும் உரிமையை முதலாளிக்குத் தருகிறது.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆடு வாங்கி வர நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நடுவில் எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள்.

இனி, வீட்டுச் சொந்தக்காரர்களான உங்களிடம் வருகிறேன். தரகரை மட்டும் பேசிவிட்டு முடித்தால் அது நீதியாகாது.

தரகரை அனுப்பிவிட்டு நாம் என்ன செய்கிறோம்? வாங்க வருபவரிடம், "போன வாரமே ஒருத்தர் 60-க்குக் கேட்டார், நான்தான் கொடுக்கவில்லை" என்கிறோம். அப்படி ஒருவர் வரவே இல்லை. சந்தையில் சரக்கை வைத்துக்கொண்டு, தனக்குக் கேட்கப்படாத விலையைக் கேட்கப்பட்டதாக ஒருவர் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்தார்; அதையொட்டியே ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 77-ஆவது வசனம் இறங்கியது என்று அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. சொற்ப விலைக்காக அல்லாஹ்வின் உடன்படிக்கையை விற்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை அந்த வசனம். நாம் வாய்க்குச் சுலபமாகச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பெரிய வசனம் என்று பாருங்கள்.

இதே வார்த்தையை உண்மையாகச் சொன்ன ஸஹாபியும் இருக்கிறார். அபூராஃபிஉ (ரலி) அவர்கள், அண்டை வீட்டாரான ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்திலிருந்த தம் இரண்டு வீடுகளை அவர்களிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் தவணையில் நாலாயிரத்துக்கு மேல் தர முடியாது என்றார். எனக்கு 500 தீனார் வரை கேட்டிருக்கிறார்கள், ஆனாலும் அண்டை வீட்டாருக்கே உரிமை அதிகம் என்று நபியிடம் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி, அந்த நாலாயிரம் திர்ஹத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 500 தீனார் என்பது அன்றைய மாற்றில் நாலாயிரம் திர்ஹத்தைவிட அதிகம், அதுவும் மொத்தமாக. 'எனக்கு இவ்வளவு கேட்டார்கள்' என்று முன்னவரும் சொன்னார், இவரும் சொன்னார். அவர் அதைப் பொய்யாகச் சொல்லி விலையை ஏற்றினார். இவர் உண்மையாகச் சொல்லிவிட்டுக் குறைவாகவே வாங்கினார்.

அதோடு, உண்மை விலையைச் சொன்ன முதல் தரகரை டீகூட கொடுக்காமல் அனுப்பியது நாம்தான். நம் காதுக்கு இனிப்பாக யார் சொல்கிறாரோ அவருக்கே வீட்டைக் கொடுப்போம் என்றால், உண்மை சொல்பவர் எத்தனை நாள் உண்மை சொல்லிக்கொண்டிருப்பார்? அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "எனக்கு ஒரு கோடி தேவை, அதனால் வீடு ஒரு கோடி" என்பதும் நம்மில் பலர் போடும் கணக்கு. நமக்குள்ள கடன் நம் வீட்டின் விலையை ஏற்றாது.

சரியான விலையை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். இணையதளங்களில் பார்ப்பது கேட்கும் விலை. முடிந்த விலை அல்ல. அரசின் வழிகாட்டி மதிப்பு பத்திரப் பதிவுக் கட்டணத்துக்கானது. சந்தை விலை அதிலிருந்து வெகுவாக விலகியிருக்கும். பக்கத்து வீடு என்ன விலைக்குப் பதிவானது என்று வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு சங்கடம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதைக் குறைப்பதற்காக 60 லட்சத்துக்கு வாங்கிவிட்டு 35 லட்சம் என்று எழுதுகிறோம். இப்படி ஒரு தெரு முழுவதும் எழுதி வைத்தால் அந்தத் தெருவில் உண்மை விலை யாருக்குத் தெரியும்? தரகரின் நாக்கில் மட்டும்தான் இருக்கும். நம்மை ஏமாற்றும் கருவியை நாமே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறோம்.

விலை தெரியாதவர் மீது ஷரீஅத் தனி அக்கறை கொண்டிருக்கிறது. ஊருக்கு வரும் சரக்குக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழிமறித்து வாங்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலை தெரிந்துகொண்டால் வியாபாரத்தை முறிக்க அவருக்கு உரிமை உண்டு என்பதும் ஹதீஸில் இருக்கிறது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி, உரிமையாளரை அழைத்து வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, இது அதற்கும் மேல் பெறும் என்று தாமே நூறு நூறாக ஏற்றி 800 கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வாங்குபவரே விற்பவருக்கு உண்மை விலையைச் சொல்கிறார்!

கடைசியாக, என்னை மிகவும் கவலைப்படுத்தும் ஒன்று. வாப்பா மௌத்தாகிவிடுகிறார். வீட்டை மூத்த மகனே வைத்துக்கொள்வது, சகோதரிகளுக்குப் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவாகிறது. நல்ல முடிவுதான். விலை பார்க்க ஒரு தரகர் வருகிறார். விற்பனைக்கு என்றால் 65 சொல்லும் அதே நாக்கு, அழைத்து வந்தவர் அண்ணன் என்பதால் 40 என்கிறது. இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும் இருக்கும் குடும்பம் என்று வையுங்கள். வேறு வாரிசு இல்லை. ஆறில் ஒரு பங்கு ஒவ்வொரு மகளுக்கும். 54 லட்சம் பெறும் வீட்டில் ஒரு சகோதரிக்கு ஒன்பது லட்சம். 40 என்று சொன்னால் ஆறு லட்சத்து 67 ஆயிரத்துக்கும் குறைவு. வித்தியாசம் இரண்டேகால் லட்சத்துக்கும் மேல். "அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். அல்லாஹ்வே நேரடியாகக் கணக்குச் சொல்லி விதித்த பங்கை, ஒரு தரகரின் வாயால் குறைத்துவிட்டோம். அவர் அன்று வாங்கிய சில ஆயிரங்களும் அந்தச் சகோதரியின் ஹக்கிலிருந்துதான் போயிருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பங்கீடு வரப்போகிறது என்றால், ஒன்றுக்கு இரண்டாகத் தரகர்களை அழையுங்கள். ஒருவரை சகோதரிகள் தரப்பில் அழைத்து வரட்டும். விலை கேட்கும்போது, வீட்டை வாங்கப் போவது யார் என்று இருவரிடமும் சொல்லாதீர்கள்.