பாட்டும் குரலும்: எண்ணிமக் கருவிகள் எழுப்பும் ஓர் அறவினா

பாட்டு ஒருவருக்கு உரியதா, ஊருக்கு உரியதா என்னும் வினா நாட்டார் வழக்காற்றியலிற் பழையது. நாட்டார் பாடலுக்குத் தனியாசிரியன் இல்லை, அது சமுதாயத்தின் கூட்டுப் படைப்பு என்பதே அதற்கு வழமையாகக் கூறப்படும் விடை. இவ்விடை பிழையன்று. ஆயின், கைத்தொலைபேசி ஒன்றும் கணினி ஒன்றும் இருந்தால் மாணவர் எவரும் இசைக் காணொளி ஒன்றை ஆக்கிவிடக்கூடிய இக்காலத்தில் அவ்விடை போதுமானதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கல்முனைக் கரையோரத்தில், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களிலே 'கவி' என வழங்கும் பாடல்வகையை அறியாதார் இலர். நான்கடிகளில் அமையும் இக்கவிகள் வயற்காவலிலும் நெற்குற்றும்போதும் பாய் இழைக்கும்போதும் பாடப்பட்டவை. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் நினைந்தும் ஏசியும் கூறுவனவாகவே அவற்றுட் பல அமைந்துள்ளன. இவற்றைக் கட்டிப் பாடியோருட் பெண்கள் பலர். அவர்கள் பாடிய இடமோ பெரும்பாலும் அடுக்களையும் வளவின் பின்புறமுமே. வேற்றாடவர் கேட்கப் பாடுவது இவ்வூர்ப் பெண்களின் வழக்கமன்று. எனவே அந்தப் பாட்டுக்கு அவை என்று ஒன்று இருந்ததில்லை; பாடுபவளும் அவளருகே வேலை செய்பவர்களுமே அதன் உலகம்.

இப்பாடல்கள் முதலிற் சந்தித்த கருவி அச்சு. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964 இல் வெளிவந்தது. இப்பிரதேசத்தின் நாட்டார் பாடல்களுக்கு அந்நூல் இடமளித்தது. பின்வந்தோரும் ஊரூராகச் சென்று பாடல்களைத் திரட்டினர். அவர்கள் செய்த தொண்டு பெரிது. ஆயினும் அச்சு சொல்லை மட்டுமே எடுத்துக்கொண்டது. மெட்டையும் குரலையும், பெரும்பாலும் பாடியவளின் பெயரையும், அது விட்டுவிட்டது. இதனை இழப்பு என்றே ஆய்வாளர் கூறுவர். இழப்பேயாயினும் அதில் ஒரு மறைப்பும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. காதற்கவி ஒன்றைப் பாடிய பெண் அச்சுப் பக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்ள முடிந்தது. 'நாட்டார் பாடல்' என்ற பெயர் அவளுக்கு ஒரு முக்காடு.

ஒலிப்பதிவு அந்த முக்காட்டை நீக்கிவிடுகிறது. கலைப்பீட மாணவன் ஒருவன் தன் மூத்தம்மாவிடமோ அயல்வீட்டு மூதாட்டியிடமோ கேட்டு நான்கைந்து கவிகளைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்கிறான் என வைத்துக்கொள்வோம். அவற்றுக்குத் தாளமும் கிற்றார் ஒலியும் சேர்த்து, ஒலுவிற் கடற்கரையில் எடுத்த காட்சிகளைக் 'கப்கற்' போன்றதொரு செயலியில் வெட்டி ஒட்டி, பல்கலைக்கழகக் கலைவிழாவிலே காட்டுகிறான். சொல் எவருடையது என்று எவரும் கேட்கப்போவதில்லை, அது எல்லோருடையதுமே. ஆனால் குரல் எவருடையது என்பதை அவ்வூரார் முதலடியிலேயே அறிந்துகொள்வர். பாட்டு பொதுச்சொத்தாக இருக்க, குரல் ஓர் ஆளின் உடலோடு ஒட்டியதாக நிற்கிறது. எண்ணிமக் கருவி எழுப்பும் அறவினா இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றது.

அக்குரல் உள்ளபடியே காணொளியிற் சேர்வதுமில்லை. கணினியிற் சேர்க்கப்படும் இசைக்கருவிகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வகுத்த சுரங்களில் ஒலிக்கின்றன; மூதாட்டியின் குரலோ அவற்றிடையே இழைந்து இறங்குகிறது. இரண்டும் ஒட்டாதபோது மாணவனின் கை சுருதி திருத்தும் மென்பொருளை நாடுகிறது. இவ்வகையிற் பெயர்பெற்ற 'ஓட்டோ டியூன்' 1997 இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய அன்டி ஹில்டிபிராண்ட் முன்னர் பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வலைகளைக் கணித்தாய்ந்தவர். அக்கணிதத்தையே அவர் மனிதக் குரலுக்கும் பயன்படுத்தினார். குரல் எந்தச் சுரத்துக்கு அண்மையில் நிற்கிறது என மென்பொருள் கண்டறிந்து, அதனை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. இடையில் நிற்பதெல்லாம் அதற்குப் பிழை.

இவ்விடத்திற் கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவை நினையாதிருக்க முடியாது. அங்கே 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியாகக் கொண்டு, பழந்தமிழரின் இருபத்திரண்டு அலகுகளைக் கணித முறையால் ஆராய்ந்து 1947 இல் 'யாழ்நூல்' தந்தார். எண்ணும் இசையும் பகையல்ல என்பதற்கு அந்நூலினும் பெரிய சான்று வேண்டியதில்லை. கருவியையும் கணிதத்தையும் கண்டு அஞ்சுவது இம்மண்ணின் மரபன்று. வேறுபாடு வேறோரிடத்தில் உள்ளது. அடிகளார் இசையினுள் மறைந்திருந்த அலகுகளைக் கண்டறிய எண்ணைக் கையாண்டார். மென்பொருளோ தான் முன்னரே வகுத்துவைத்த எண்ணுக்கு இசையை இணக்குகிறது. அளத்தலும் திருத்தலும் ஒன்றல்ல.

நாட்டார் பாடல் என்றுமே மாறிக்கொண்டிருப்பதுதானே, ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குச் செல்லும்போது சொல்லும் மெட்டும் திரிவது அதன் உயிரல்லவா, மாணவன் செய்வதும் அதுவேயல்லவா என ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆயின் ஒருத்தி பாடிய கவியை இன்னொருத்தி மாற்றிப் பாடும்போது அவள் தன் வாயாற் பாடுகிறாள். மாற்றத்துக்கு அவளே பொறுப்பு. மென்பொருளால் மாற்றும் மாணவன் பிறள் வாயை மாற்றுகிறான். மாறியதைப் பாடியவளாக அவளையே உலகம் கருதும். பாடலை மாற்றுவது வேறு, பாடியவரை மாற்றுவது வேறு. முன்னதற்கு மரபு இடம் தந்திருக்கிறது. பின்னதை மரபு கண்டதேயில்லை. அம்மாணவன் கவியைத் தன் குரலிலே பாடி, அதை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தியிருந்தால் இங்கே பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இதனால் எந்தத் திருத்தமும் ஆகாது என்பது கருத்தன்று. ஒலிவாங்கியும் ஒரு கருவியே. அதனை எங்கே வைப்பது என்பதிலேயே ஒரு தெரிவு உண்டு. கடற்காற்றின் இரைச்சலை நீக்கினாற் பாடியவளுக்கு நன்மையேயன்றித் தீங்கில்லை. ஆனால் அதே இரைச்சல்நீக்கி உலக்கை விழும் ஓசையையும் இரைச்சல் எனக் கொண்டு துடைத்துவிடக்கூடும். குற்றும்போது பாடிய கவிக்கு அவ்வுலக்கையே தாளம். எது இரைச்சல், எது இசை என மென்பொருள் அறியாது. அதனை அருகிலிருந்தவர்களே அறிவர். பொது விதி ஒன்றை வகுத்து இத்தொல்லையிலிருந்து தப்ப வழியில்லை.

பாடியவர் இறந்துவிட்டால் வினா இன்னுங் கடுமையாகிறது. 2024 இல் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், 1997 இற் காலமான சாகுல் ஹமீது, 2022 இற் காலமான பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ. ஆர். ரகுமான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் தக்க ஊதியம் வழங்கியதாகவும் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அது நேர்மையான நடைமுறையே. ஆயினும் அதனை அப்படியே கல்முனைக்குக் கொண்டுவரலாகாது. அப்பாடகர்கள் உலகறியப் பாடியவர்கள். தம் குரல் பலரிடம் செல்வதை விரும்பியே அத்தொழிலில் நின்றவர்கள். மூத்தம்மா தொட்டிலுக்கும் உரலுக்கும் பாடியவள்.

இக்கரையோரத்தில் இது வெறுங் கற்பனையுமன்று. மத்திய கிழக்குக்கு வேலை தேடிச் சென்றவர்களுக்கு வீட்டார் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றிற் பேசி அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. எங்கேனும் எஞ்சிய ஒரு கசற்றில் அவர்களுள் ஒருவரின் குரல் இருக்குமாயின் அதன் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. அக்குரலைத் துலக்கி, பிள்ளைகள் மீண்டும் கேட்கச் செய்யும் மாணவன் நன்றிக்குரியவன். ஆனால் இன்று சில நிமிடப் பதிவைக் கொண்டே அக்குரலை அவள் பாடாத பாட்டையும் பாடவைக்க முடியும். அது திருத்தமன்று, மறுத்துரைக்க வாயில்லாத ஒருத்தியின் பெயராற் சொல்லப்படும் சாட்சியம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை இவ்வூரார் அமானிதம் என்பர். வைத்தவர் திரும்பி வராவிட்டாலும் அது வைத்திருப்பவனின் சொத்தாகிவிடுவதில்லை.

சட்டத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளை வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ கையாளுவதற்கு எதிராகப் பாதுகாக்கிறது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் விலக்களிக்கிறது. மாணவனின் காணொளி வகுப்பறையிற் காட்டப்படும்வரை ஆய்வு. இணையத்தில் ஏறியதும் அது வேறொன்று. 'மரபுச் சூழல்' என்ற சொற்றொடர் சட்டத்தை ஆக்கியோர் எண்ணியதிலும் ஆழமானது போலும். ஆனால் சட்டம் பாதுகாப்பது பெரும்பாலும் பாட்டை. மூதாட்டியின் கூச்சத்தைப் பாதுகாக்க அதனிடம் பிரிவு ஏதும் இல்லை.

காணொளியின் முடிவிலே ஒளிப்பதிவு, தொகுப்பு, இசைக்கோப்பு என்று பெயர்கள் ஓடுகின்றன. பாடல் என்பதற்கு நேரே 'நாட்டார்' என்றிருக்கிறது. பெயரைப் போடுவதே நீதி என்று எளிதிற் கூறிவிடலாம். சிலர் அதனை விரும்புவர். சிலர் தம் பெயரை அங்கே கண்டால் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். எவர் எத்தகையவர் என்பது கேட்டாலன்றித் தெரியாது. கேட்பதும் பதிவு செய்த அன்று ஒருமுறை கேட்டுவிட்டால் முடிவதன்று. அன்று அவள் தலையசைத்தது தன் குரல் என்னவாகப் போகிறது என்பதை அறியாமலே. முடித்த காணொளியை, விழா மேடைக்குக் கொண்டுபோகுமுன், அவள் வீட்டுத் திண்ணையிலே போட்டுக் காட்டவேண்டியிருக்கும். கேட்டுவிட்டு, மூன்றாவது கவியை மட்டும் எடுத்துவிடுமாறு அவள் சொல்லக்கூடும். காணொளி முழுவதும் அந்தக் கவியைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கவுங்கூடும்.