வாயில்லா ஜீவனும் வலியும்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஒரு நாய்க்குட்டி அழுகிறது. வேள்விச்சாலையில் எதையும் தொடாத அதை மன்னன் ஜனமேஜயனின் தம்பிகள் அடித்துவிட்டார்கள். தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. மகாபிரஸ்தானிக பர்வத்தில் தருமர், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறார்.

காப்பியத்தில் நாய்க்குப் பேச்சு உண்டு. வீட்டு நாய்க்கு இல்லை. சொல்லத் தெரியாத வலிக்கு யார் பொறுப்பு?

17ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி தெகார்த், விலங்குகளை இயந்திரங்களாகக் கண்டார். 1789இல் வெளிவந்த நூலில் இன்னொரு தத்துவஞானியான பெந்தாம் அந்தப் பார்வையைப் புரட்டிப்போட்டார்: அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல, துன்பப்பட முடியுமா என்பதே அவருக்குக் கேள்வி. காதுவலி வந்த நாயைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. தலையை ஓயாமல் உதறும். பின்னங்காலால் சொறிந்துகொண்டே முனகும். காதைக் கால்மிதியில் தேய்க்கும். மடலைத் தூக்கினால் உள்ளே சிவந்து, பழுப்பு அழுக்கும் புளித்த வாடையுமாக இருக்கும். உதறிய வேகத்தில் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்தால் காது பணியாரம்போல உப்பிவிடும்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக வளைகிறது. அதனால் ஈரமும் அழுக்கும் எளிதில் வெளியேறுவதில்லை. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. காது தொங்கும் லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்றவை அதிகம் அவதிப்படுகின்றன. நோய் அடிக்கடி திரும்பி வந்தால், பெரும்பாலும் ஒவ்வாமைதான் மூலம்.

“அது செய்த வினை, அனுபவிக்கிறது” என்பவர்கள் உண்டு. வலி ஏன் வந்தது என்பதற்கு வினை ஒரு விளக்கமாக இருக்கலாம். கண்டவர் கைகட்டி நிற்க அது அனுமதி ஆகாது. தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்தும் கைக்கு, அவருடைய வாகனமான நாயின் காதைத் தூக்கிப் பார்க்கும் கடமையும் உண்டு.

இரக்கம் மட்டும் போதாது. பாவம் பார்த்து எண்ணெய் ஊற்றுவதும், பட்ஸால் குடைவதும் நோயை உள்ளே தள்ளும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே பறித்துவிடும். அறிவில்லாத கருணையும் வலிதான் தரும்.

அதனால் வாரம் ஒருமுறை காதைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வாடையோ சிவப்போ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாமல், அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். தலை ஒருபக்கம் சாய்ந்தாலோ நடை தள்ளாடினாலோ அன்றைக்கே கூட்டிப்போங்கள்.