சகுனியின் சபைக்கு அனுமதி இருந்தது

தருமபுரிச் சீமையில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. சூது நடக்கும் இரவில் சகுனி வேடம் கட்டியவர் காயைக் குலுக்கிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள், கிழவிகள் வாய்விட்டுத் திட்டுவார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் முறைப்படி குறையேதும் இல்லை. திருதராட்டிரன் சொல்லிக் கட்டிய மண்டபம், அவனே விதுரரை அனுப்பி விடுத்த அழைப்பு, பெரியவர்கள் சாட்சி. இன்றைய பேச்சில், உரிமம் பெற்ற ஆட்டம்.

இன்று அப்படி உரிமத்தோடு நடப்பது குதிரைப் பந்தயம். இந்தச் சீமையின் நல்லம்பள்ளிக்குச் சென்னைக் கிண்டி ரேஸ் கோர்ஸைவிடப் பெங்களூரு ரேஸ் கோர்ஸ்தான் பக்கம். ஓர் ஊரில் ஓடும் குதிரைமேல், இன்னோர் ஊர் கிளப்பில் டிவி திரையைப் பார்த்தபடி பணம் கட்டலாம். அரசியல் சட்டம் இந்த விவகாரத்தை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அரசு பெங்களூரு கிளப்புக்கு உரிமம் மறுத்தது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி பந்தயத்தை அனுமதித்தார். சில நாட்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது.

தமிழ்நாடு இந்த வழியில் முன்பே நடந்து பார்த்தது. 1974இல் சட்டம் போட்டுக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க முயன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்த இது திறமையின் ஆட்டம், ஆகவே சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

திறமைதான் அளவுகோல் என்றால் சகுனியைவிடத் திறமைசாலி யார்? நளன் கதையும் இங்கே குறுக்கே வருகிறது. சூதில் நாடிழந்த அவன், குதிரை வித்தையை இருதுபன்னனுக்குக் கொடுத்து, சூதின் சூட்சுமத்தை வாங்கிக்கொள்கிறான். அதைக்கொண்டே நாட்டை மீட்கிறான். திறமை அவனைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதற்குள் தமயந்தி நடுக்காட்டில் தனியே நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளி ஆட்டுச் சந்தையிலும் திறமைக்குத்தான் காசு. வியாபாரி ஆட்டின் முதுகெலும்பை விரலால் அழுத்தி, ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து, இத்தனை கிலோ கறி தேறும் என்பார். கணக்குத் தப்பினாலும் ஆடு கையில் இருக்கும், விற்றவருக்கும் பணம் போயிருக்கும். பந்தயத்தில் ஒருவர் பைக்கு வருவது இன்னொருவர் பையிலிருந்து போனதுதான். நடுவில் கிளப்புக்கும் அரசுக்கும் பங்கு.

வள்ளுவர் சூது அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைத்தார். அங்கே அவர் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்கவே இல்லை, வெற்றியையே சந்தேகிக்கிறார். பாரதத்திலோ கேள்வி திரௌபதியிடமிருந்து வருகிறது: தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? ஆட்டம் எப்படிப்பட்டது என்று அவள் கேட்கவில்லை. பணயம் யாருடையது என்று கேட்டாள். பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

நம் சட்டங்களும் ஒரே பேச்சில் நிற்பதில்லை. 1996இல் பிரித்து வைத்த குதிரைப் பந்தயத்தை, ஜிஎஸ்டி சட்டம் லாட்டரி, கேசினோ வரிசையிலேயே உட்காரவைத்து 28 சதவீதம் வாங்கியது. 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தபோது, திறமையா அதிர்ஷ்டமா என்ற வித்தியாசத்தையே விட்டுவிட்டது.

திரௌபதியின் கேள்விக்குச் சட்டத்தில் இடம் கொடுக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரில் ஒருவரின் சூதாட்டத்தால் வீட்டார் பாதிக்கப்பட்டால், அவர்களே மனு கொடுத்து அவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடை வாங்கலாம். ரேஸ் கிளப் உரிமத்தைப் பற்றிப் பெங்களூரிலோ சென்னையிலோ அடுத்த முறை பேசும்போது, வரிக் கணக்கோடு இந்த ஏற்பாட்டையும் எடுத்துப் பேசலாம்.