மங்கிய வெளிச்சத்துக்கு யார் பெயர் வைப்பது?

மென்மையான வெளிச்சத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே இருக்கிறது. கிளோ, கிளீம், கிளிண்ட், கிளிம்மர், கிளிஸன். எல்லாம் ஒரே ஒலியில் தொடங்குபவை. இப்படி ஓர் ஒலிக்கொத்தே பொருளின் சாயலைச் சுமந்து வருவதற்கு ஜே. ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1930இல் ஃபோனஸ்தீம் என்று பெயர் வைத்தார். ஆங்கில நாவல் படித்துவிட்டுத் தமிழில் எழுத உட்காரும் நண்பர்கள் அடிக்கடி சலித்துக்கொள்வது இதைத்தான்: "தமிழ்ல இதுக்கெல்லாம் தனித்தனிச் சொல் இல்லையேப்பா." குறை சொல்லில் இருக்கிறதா, நம் பார்வையில் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். கிளோ என்றால் தணல். வெளிச்சம் உள்ளேயிருந்து வருகிறது, நடுங்குவதில்லை. கிளீம், புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கின் உடம்பில் தெரிவது. அது இரவல் வெளிச்சம். கிளிண்ட், கத்தியைத் திருப்பும்போது ஒரு கணம் தெறிப்பது. கிளிஸனுக்கு ஈரம் வேண்டும். மழை விட்ட தார்ச்சாலை, வியர்த்த நெற்றி. கிளிம்மர் மங்கலானது, நிலையில்லாதது, இப்பவோ அப்பவோ என்று இருப்பது. இவற்றைச் சரியாகப் பயன்படுத்த மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். வெளிச்சம் சொந்தமா, இரவலா? நிற்கிறதா, நடுங்குகிறதா? ஈரத்தில் விழுகிறதா, உலர்ந்ததிலா? எல்லாவற்றுக்கும் 'ஒளிர்ந்தது' என்று எழுதிவிட்டுப் போகிறவர் இதில் ஒன்றையும் கேட்டிருக்க மாட்டார். அவருக்குத் தமிழ் போதாமல் போகவில்லை. அவர் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரியாகப் பார்த்தால் மட்டும் போதுமா? கட்டடங்களுக்கு விளக்கு அமைப்பு வடிவமைப்பது என் தொழில். கடையில் 2700 கெல்வின் விளக்கை 'வார்ம் ஒயிட்' என்றும், 6500 கெல்வினை 'கூல் டேலைட்' என்றும் விற்கிறார்கள். இயற்பியல்படி இது தலைகீழ். கெல்வின் கூடினால் சூடும் கூட வேண்டும். ஆனாலும் நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அடுப்பு, தணல், அகல் எல்லாம் அந்த மஞ்சள் நிறத்தில்தான் மனிதனுக்குக் கதகதப்பு கொடுத்திருக்கின்றன. அளவுகோலுக்குப் பொருந்தாத சொல், பட்ட அனுபவத்துக்கு உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: யார் பட்ட அனுபவம்?

கிளோமிங் என்ற சொல்லைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் அந்திப்பொழுது அது. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்த பிறகும் வெளிச்சம் போக மனமில்லாமல் நெடுநேரம் நிற்கும். கோலாலம்பூரில் சூரியன் மறைந்து 20 நிமிடம் சொச்சத்தில் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்கிவிடுகிறது. மக்ரிப் பாங்கு ஒலித்து, சாமி விளக்கை ஏற்றி நிமிர்வதற்குள் இருட்டிவிடும். கிள்ளானில் நடக்கும் கதையில் நாயகி ஒரு மணி நேரம் அந்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்தால், அவள் தலைக்கு மேலே இருப்பது வேறு யாரோ ஒருவரின் வானம். நம்மிடம் 'கருக்கல்' இருக்கிறது. இருட்டின் பக்கம் நின்று வைத்த பெயர் அது. சட்டென்று இருட்டும் ஊருக்குப் பொருந்துகிறது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கிளிம்மருக்கு நெருக்கமான தமிழ் எது என்று கேட்டால் 'முணுக் முணுக்' என்பேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் கிளிம்மருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நம்பிக்கை என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். முணுக் முணுக்கில் இருப்பது புகார். என் பாட்டி தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கோடு வாழ்ந்தவர். விடியும் முன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர். பழைய விளக்கு வெளிச்சம் அழகாக இருந்திருக்குமே என்று ஒருமுறை கேட்டேன். "அந்த முணுக்கு வெளக்குல என்னடா அழகு? அதுலதான் என் கண்ணே போச்சு" என்றார். அந்த லயத்தைப் பற்றி நான் எழுதும்போது 'மெல்லொளி தவழ்ந்தது' என்று போட்டால், வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். பாட்டியின் கண் மட்டும் அதில் இருக்காது. மென்மை என்பது பல நேரம், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் வீட்டில் இருப்பவனின் பார்வை.

அதற்காக அழகையே எழுதக்கூடாது என்பதல்ல. கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தானுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக, ஒரே தாளத்தில் மின்னும். கிளோ என்று சொல்ல முடியாது, அணைந்து அணைந்து எரிகிறது. ஃபிளிக்கர் என்றால் ஒழுங்கற்ற நடுக்கம்; என் தொழிலில் அது பழுது. டுவிங்கிள் நட்சத்திரத்துக்குச் சரி, ஆனால் நட்சத்திரங்கள் சேர்ந்து தாளம் போடுவதில்லை. மலாய்க்காரர்கள் கெலிப்-கெலிப் என்கிறார்கள். 'செகெலிப் மாத்தா' என்று கண்ணிமைக்கும் நேரத்தைச் சொல்லும் அதே கெலிப். ஆங்கிலம் நெருப்பைப் பார்த்தது, தமிழ் மின்னலைப் பார்த்தது, மலாய் இமையைப் பார்த்தது. மூன்றும் பொய்யில்லை. மூன்றும் முழுசும் இல்லை. ஒற்றைச் சொல் கிடைக்காத இடத்தில், பார்த்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவதுதான் நாணயம்.

ஆகவே ஆங்கிலச் சொற்களைப் படிப்போம். ஆனால் அவற்றிலிருந்து முதலில் வாங்க வேண்டியது அந்த மூன்று கேள்விகளை. நாலாவது கேள்வியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்: இந்த வெளிச்சத்தை நம்பி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பக்கத்திலிருக்கும் கட்டடங்களின் விளக்கு கூடக் கூட, மின்மினிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணை சேர்வது சிரமமாகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து தனியாக நடக்கும் பெண்ணுக்கோ தெருவிளக்கு பிரகாசமாக எரிந்தால்தான் நிம்மதி. அவரை வைத்துக் கதை எழுதும்போது, அந்தத் தெருவின் மங்கல் வெளிச்சத்துக்கு என்ன பெயர் என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.