தாளம் போட்ட விரல்

ஹோல்போர்ன் பாதாள ரயில் நிலையத்தில் 2016-இல் பார்த்த ஒரு விரல் என்னை விடமாட்டேன் என்கிறது. லண்டனில் எஸ்கலேட்டரில் நிற்பவர்களுக்கு வலப்பக்கம், நடப்பவர்களுக்கு இடப்பக்கம். அந்த ஏப்ரல் முதல் ஆறு மாதம், ஹோல்போர்னில் சில எஸ்கலேட்டர்களில் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கச் சொன்னார்கள். படிகளில் பாதத்தின் படம், கைப்பிடியில் கையின் படம்.

எனக்கு முன்னே ஒரு மூதாட்டி, பேரனின் கையைப் பிடித்தபடி இடப்பக்கம் நின்றார். அவருக்குப் பின்படியில் நின்றவர் வாய் திறக்கவில்லை. படத்திலிருந்த கையின்மேல் ஆட்காட்டி விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கைப்பிடி ஏறியது, விரலும் ஏறியது, தட்டல் ஓயவில்லை.

ஏற்பாட்டின் காரணம் நியாயமானதுதான். ஹோல்போர்ன் எஸ்கலேட்டரின் உயரம் 20 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் நடந்து ஏறச் சிலரே துணிவார்கள். இடப்பக்கம் காலியாகக் கிடக்க, கீழே கூட்டம் பிதுங்கும். 2015 நவம்பரில் தொடங்கி முதல் தடவை மூன்று வாரம் சோதித்தபோது, வழக்கமான ஒரு வாரத்தில் காலை 8.30 முதல் 9.30 வரையிலான நேரத்தில் மொத்தம் 12,745 பேரை ஏற்றிய ஓர் எஸ்கலேட்டர், எல்லோரும் நின்றபோது 16,220 பேரை ஏற்றியது. நின்றால் ஊரே சீக்கிரம் போய்ச் சேரும். அப்படியும் பலருக்குக் கோபம் வந்தது.

அந்த விரலை நினைக்கும்போதெல்லாம் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா வந்து குறுக்கே நிற்கிறது. அம்மம்மா வீதியில் அடியழிப்பார். ஓரடி வைத்து, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடியும் ஓரடி. வெயிலில் எனக்குக் கால் சுடும். "கெதியா வாங்கோ அம்மம்மா" என்பேன். "பொறு மோனை" என்பார். பொறுமைக்கு உருவம் கேட்டால் அவரைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் அவருடைய உதடுகள் இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகின்றன. மாமாவிடமிருந்து கடிதம் வராத வருஷம் அது. உடம்பு ஊர்ந்துகொண்டிருக்க, உதடுகள் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் ஆறுதலாகப் போனாரா, பதறிக்கொண்டு போனாரா? பரபரப்புக்கு எதிர்ப்பதம் நிதானம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே உடம்பில், ஒரே வெயிலில் இருந்ததை அந்த விடை சொல்லவில்லை. அசையாமல் நிற்பதை அமைதி என்று எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. விரல் தட்டியவருக்கும் எங்கோ ஒரு கடிதம் வராமல் இருந்திருக்கலாம்.

சோதனை முடிந்ததும் ஹோல்போர்னில் இடப்பக்கம் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டது. கணக்குப் பார்த்தால் நஷ்டம். அதைச் சுயநலம் என்று சொல்ல ஒரு மனம் துடிக்கிறது. உள்ளே ஓடிக்கொண்டிருப்பவருக்குக் கால்களையாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா என்கிறது இன்னொரு மனம். மூதாட்டிக்கு நிற்க இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்படியில் நின்றவருக்கு என்ன வேண்டும் என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.