சம்மணம்

காலை இழந்தவர் திரும்பக் கேட்பது நடையை என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் ஊர்களில் பாதி வாழ்க்கை தரையோடு நடப்பது. பந்தியில் சம்மணமிட வேண்டும். களை பறிக்கக் குந்த வேண்டும். பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்ற வேண்டும். விடிகாலையில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். நாற்காலி இல்லாத வீட்டில், நிற்க மட்டுமே தெரிந்த கால் எதற்கு உதவும்?

*

1950-களில் கலிபோர்னியாவில் உருவான ‘சாக்’ என்ற செயற்கைப் பாதம் உலகமெங்கும் போனது. உள்ளே கட்டை, குதிகாலில் மெத்தென்ற நுரை, மடங்காத கணுக்கால். ஷூவுக்குள் நுழைத்துச் சமதளத்தில் நடப்பவருக்கு அது போதும். செய்தவர்கள் தங்கள் தரையைப் பார்த்துச் செய்தார்கள். ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில், எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியிடம் கால் வாங்கிப் போனவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஊன்றுகட்டையோடு வந்தார்கள். குறை நோயாளியிடம் இல்லை, காலில்தான் என்று அவருக்குப் பட்டது. எல்லா மருத்துவர்களுக்கும் அப்படிப் படுவதில்லை.

*

அதே மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர் இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, எல்லோருக்கும் ‘மாஸ்டர்ஜி’. 1960-களின் கடைசியில் இவரும் சேத்தியும் சக மருத்துவர்களோடு சேர்ந்து செய்ததுதான் ஜெய்ப்பூர் கால். ஸ்பாஞ்சு ரப்பரும் மரமும் உள்ளே. மேலே தோல் நிறத்தில் ரப்பர். எல்லாவற்றையும் அச்சில் வைத்து, டயர் பட்டறையில் செய்வதுபோல, சூட்டில் ஒட்டவைப்பது. அது எல்லாப் பக்கமும் வளைந்து கொடுக்கும். விரல்கள் உண்டு. சேற்றில் இறங்கலாம், செருப்பில்லாமல் போகலாம். 1981-ல் சேத்திக்கு மகசேசே விருது வந்தது. மாஸ்டர்ஜியின் பெயர் எப்போதும் இரண்டாவதாகவே சொல்லப்படுகிறது. அது எனக்கு உறுத்துகிறது.

*

பாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். போட்டுக்கொள்பவரிடம் கேட்டால் சாக்கெட்டைப் பற்றித்தான் சொல்வார். எஞ்சிய கால் நுழைந்து உட்காரும் கிண்ணம் அது. உடம்பின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. உள்ளங்காலின் தோல் எடை தாங்கப் பிறந்தது. கெண்டைக்காலின் தோல் அப்படி அல்ல. அறுவைக்குப் பிறகு வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். அதுவரை இறுக்கமாகத் துணி சுற்றி, கால்முனையை வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். வடிந்த பிறகும் அது ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் லொடலொடக்கும். ஒரு காலுறையைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ள வேண்டும். இராத்திரி கழற்றியதும் சிவந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மறையாத சிவப்பு நாளைக்குப் புண். சர்க்கரையால் கால் போனவருக்கு வலி உறைக்காது. கால்முனையைக் கண்ணாடியில் பார்ப்பதுதான் அவருக்குக் காவல். மீதமிருக்கும் காலையும் அவர் தினம் பார்த்தாக வேண்டும்.

*

முழங்கால் தப்பியதா என்பதுதான் பெரிய கேள்வி. தப்பினால் நடை சீக்கிரம் வரும். இல்லையென்றால் ஒவ்வோர் அடிக்கும் அதிக மூச்சு செலவாகும். நடையை உணர்ந்து தானே இறுகித் தளரும் கணினி மூட்டுகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் விலை. இங்கே பலருக்கு அது பேச்சோடு சரி.

*

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனின் வலது காலை 1981-ல், தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 1984-ல் ஜெய்ப்பூர் காலோடு அவர் மறுபடி மேடையேறினார். மனவுறுதி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் தட்டடவுதான் நினைவுக்கு வருகிறது. வெறும் பாதத்தால் தரையை அறைய வேண்டும். அறைந்த சத்தம் காதில் விழும், பாதத்தில் விழாது. தாளத்தை அவர் எங்கே உணர்ந்திருப்பார்? தொடையிலா, இடுப்பிலா?

*

இல்லாத பாதம் அரிக்கும், முறுக்கும், எரியும். பைத்தியம் என்பார்களோ என்று பலர் வெளியில் சொல்வதில்லை. தமிழரான நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். அதை அசைக்கும்போது சிலருக்கு இறுக்கம் விட்டது. காலுக்கும் இதையே செய்கிறார்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை.

*

டி.ஆர். மேத்தா 1975-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் அமைப்பு ஜெய்ப்பூர் காலை இலவசமாகவே பொருத்துகிறது. இலங்கைப் போர்க் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் கால் செய்யும் நிலையம் வந்துவிட்டது. வெறுங்காலோடு நடக்கலாம் என்பதே அதன் பெருமை. வெறுங்காலோடு நடப்பதாலேயே ரப்பர் தேயவும் செய்கிறது. சில வருடங்களில் மாற்ற வேண்டும், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். முகாம் போட்டுக் கால் கொடுப்பவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கிராமத்தில் பட்டை அறுந்தால் பஸ் ஏறி எங்கே போவது? தாலுகா ஆஸ்பத்திரியில் ரப்பரும் சூடேற்ற ஓர் அடுப்பும் கைத்தொழில் தெரிந்த ஒருவரும் இருந்தால் அந்தப் பயணம் மிச்சம்.