உபயம்: பெயர் இல்லை

'உன் வீட்டுல எருக்கு முளைக்க!'

நம் ஊரில் ஒருவரை மனசாரச் சபிக்க வேண்டும் என்றால் இப்படிச் சொல்வார்கள். வீடு இடிந்து, ஆட்கள் போய், மண்மேடாகி, அதில் எருக்கு முளைக்க வேண்டுமாம். பாவம், அந்தச் செடி என்ன செய்தது?

அதே எருக்கம்பூ மாலையைத்தான் பிள்ளையார் சதுர்த்தியன்று பேரம் பேசி வாங்குகிறோம். எருக்கம்பூவைக் கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது என்கிறார் கபிலர், புறநானூறு 106-ல். சாமி தள்ளவில்லை. நாம்தான் தள்ளுகிறோம்.

உங்கள் வீடு கடற்கரைப் பக்கமா? உப்புக் காற்றையும் வெறும் மணலையும் வைத்துக்கொண்டு ரோஜாவுடன் மல்லுக்கட்டுகிறீர்களா? எருக்குக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உரம் கேட்காது, வேர் பிடித்த பிறகு தண்ணீரும் கேட்காது. ஆள் உயரம் வளர்ந்து, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பூக்கும்.

'சரி, வளர்த்தால் எனக்கு என்ன லாபம்?' நியாயமான கேள்வி. வரவு செலவு எழுதிப் பார்த்துவிடுவோம்.

முதலில் செலவு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் குழந்தைகள் கை படாத மூலையில்தான் வைக்க வேண்டும். அப்புறம், வரி வரியாக ஒரு புழு வந்து இலையை மென்று தீர்க்கும். மருந்து அடித்துவிடாதீர்கள். கறுப்பு ஓரம் வைத்த ஆரஞ்சு இறக்கையோடு நாளைக்குப் பறக்கப்போவது அதுதான். பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

இனி வரவு. காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருக்குமே, 'ங்ங்' என்று சத்தமாகப் பறக்கும் பெரிய கருவண்டு, அது உண்மையில் தேனீ இனம். தச்சுத் தேனீ என்பார்கள். எருக்கம்பூவுக்கு முக்கியமான விருந்தாளி அது. தேனைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, குட்டிப் பொட்டலமாகக் காலில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தத்தை அடுத்த பூவில் சேர்க்கிறது.

இதே தேனீ கத்தரிப் பூவுக்கும் போகும். அங்கே தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் சின்னத் துளை உள்ள பைக்குள் இருக்கும். பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கிறது தச்சுத் தேனீ. நாம் கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது.

ஆக, உங்கள் எருக்கில் தேன் குடித்த வண்டால், அடுத்த தெருவில் யாரோ ஒருவர் மாடியில் கத்தரி நன்றாகக் காய்க்கும். அவருக்கு உங்களைத் தெரியாது. நன்றி சொல்ல வரமாட்டார். கணக்கில் செலவு உங்கள் பெயரில், வரவு அவர் பெயரில்.

கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தால்கூட அதில் பாதியை மறைத்து 'உபயம்' எழுதுகிற ஊர் இது. பெயர் எழுத இடமில்லாத உபயத்தைச் செய்ய நமக்குக் கை வருமா?

இதைத் தியாகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இன்றைக்கு உங்கள் சாம்பாரில் மிதந்த கத்தரிக்காய்க்காக யாரோ ஒரு புதரை வெட்டாமல் விட்டிருக்கலாம். அந்த ஆளுக்கு நாமும் நன்றி சொன்னதில்லை. திருப்பிக் கொடுக்க அவருடைய முகவரியும் நம்மிடம் இல்லை.

காம்பவுண்டு ஓரம் ஒரு எருக்கு தானாக முளைத்திருந்தால், சும்மா விடுங்கள். அது போதும்.